அக்கரைப் படையல்

தாயாரம்மாள் காபி குடித்தாள்.

ஊரில் எத்தனையோ மாமியார்கள் காபி குடிக்கிறார்கள். அதற்காக எந்த மருமகளும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை. ஆனால் கப்பலுக்குப் போன மகன் அருண்பாண்டியனிடமிருந்து போன் வருவது நின்றுபோனபோது, "அவன் குரல் என் காதுல விழற வரைக்கும் காபி தொடமாட்டேன் முருகா" என்று திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டவள் இந்தத் தாயாரம்மாள். மூன்று வருஷமாக வெறும் வெந்நீர். கல்யாண வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, எல்லோருக்கும் டம்ளர் வரும்போது இவளுக்கு மட்டும் வெந்நீர்.

அப்படிப்பட்டவள் போன வாரம் சமையலறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்ததை மருமகள் சுஜாதா பார்த்துவிட்டாள்.

கேட்டதற்கு, "சுக்குத் தண்ணிம்மா. தொண்ட கட்டிக்கிச்சு" என்றாள் மாமியார்.

சுக்குத் தண்ணீரில் எந்த ஊரில் டிக்காஷன் வாசனை வரும்?

அன்றிலிருந்து சுஜாதாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுதல் முடிந்துவிட்டது என்றால் மகன் குரல் கேட்டாகிவிட்டது. மகன் குரல் கேட்டாகிவிட்டது என்றால், கட்டிய பெண்டாட்டியின் காதுக்கு மட்டும் அது ஏன் வரவில்லை?

கப்பலில் ஃபிட்டர் வேலைக்குப் போனவன். கடைசியாகப் பேசியது மெக்சிகோவில் மன்சனில்லோ என்ற துறைமுகத்திலிருந்து. அங்கே கரை இறங்கினான், திரும்பக் கப்பல் ஏறவில்லை என்று மட்டும் ஏஜென்ட் சொன்னார். பங்குனியில் அப்பா கிருஷ்ணன் போய்ச் சேர்ந்தபோதுகூட அவன் வரவில்லை. பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். அன்று கூடியிருந்த பெண்கள் பிணத்தைப் பார்த்ததைவிடச் சுஜாதாவின் நெற்றியைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

அவளும் தினமும் கண்ணாடி முன்னால் நின்று குங்குமம் வைக்கிறாள். வைக்கும்போதெல்லாம் விரல் ஒரு நொடி நிற்கும். அவன் இருக்கிறானா? இல்லையென்றால் இந்தக் குங்குமம் எதற்கு? இருக்கிறான் என்றால், நான் அவனுக்கு யார்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று அவள் நினைக்காத நாள் கிடையாது.

வீட்டில் இன்னொரு மர்மமும் இருந்தது. அது நாத்தனார் துர்கா படிக்கும் ஸ்பானிஷ்.

ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் சித்தூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் வகுப்புக்கு ஓடுகிறாள். கேட்டால், "ஸ்பானிஷ் தெரிஞ்சா மெட்ராஸ் கம்பெனில நல்ல வேல கெடைக்கும் அண்ணி" என்பாள். நல்லதுதான். ஆனால் போன மாதம் அப்படி ஒரு கம்பெனியே இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாளே, அது ஏன்? பெண்பிள்ளை வாசலில் நின்று போன் பேசினாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கும் தாயாரம்மாள், வகுப்பு என்றால் மட்டும் இட்லியை ஊட்டிவிடாத குறையாக அனுப்பி வைக்கிறாளே, அது ஏன்?

வகுப்பில் சேர்ந்த புதிதில் இப்படி இல்லை. துர்கா காய் நறுக்கிக்கொண்டே பாடம் ஒப்பிப்பாள். சுஜாதா பூ கட்டிக்கொண்டே கேட்பாள். "நைனா வந்து பாத்ரே. அம்மா மாத்ரே. அண்ணன் எர்மானோ. அக்கா, தங்கச்சி ரெண்டுமே எர்மானா. நீங்க எனக்குக் குன்யாதா அண்ணி. அண்ணனுக்கு எஸ்போசா." சுஜாதா சிரிப்பாள். "எஸ்போசாவாம். பேர் நல்லாதான் இக்குது. ஆளத்தான் காணோம்."

சரவணப் பொய்கை பக்கம் பூக்கடை வைத்திருப்பவள் சுஜாதா. தெலுங்கில் விலை சொல்லி, கன்னடத்தில் பேரம் பேசி, இந்தியில் 'பூ வாடாது' என்று சத்தியம் செய்கிறவள். காதில் விழுந்தது அவளுக்கு மனதில் ஒட்டிக்கொள்ளும். அது துர்காவுக்குத் தெரியாது. அண்ணிக்கு என்ன புரியப்போகிறது என்று இந்த வாரம் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சத்தமாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள்: "மி பாத்ரே முரியோ." என் அப்பா இறந்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பூ கேட்டாள்.

"அண்ணி, நாளைக்கு எனக்குப் பந்திப்பூ வோணும். ரெண்டு கூடை இருந்தா தேவல."

பந்திப்பூ என்றால் துலுக்கச் சாமந்தி. ஆந்திர எல்லைப்புறத்தில் பூவுக்குக்கூடத் தெலுங்குப் பெயர்தான்.

"எதுக்கும்மா அவ்ளோ? யாருக்குக் கண்ணாலம்?"

"கண்ணாலம் இல்ல அண்ணி, படையல். அந்த ஊரு ஜனங்க வருசத்துக்கு ஒரு வாட்டி செத்தவங்க போட்டோ வெச்சு, பந்திப்பூ போட்டு, அவங்களுக்குப் புடிச்சதெல்லாம் செஞ்சு வெப்பாங்களாம். நம்ம மாளய அமாவாச மாதிரிதான். நாங்க இங்க ஒண்ணு வெக்கிறோம், அவங்க அங்க ஒண்ணு வெக்கிறாங்க. வீடியோவுல காட்டிகினே பேசணும். நான் நைனா போட்டோவ எடுத்துகினு போறேன்."

"மாமாவுக்குப் படையல்னா நான் வராம எப்டி? நானே கட்டி எடுத்துகினு வர்றேன்."

துர்காவின் கையிலிருந்த சீப்பு தலைமுடியிலேயே நின்றது.

"வேணாம் அண்ணி. ஞாயித்துக்கெழம கடைல கும்பல் இருக்கும். நானே தூக்கினு போறேன்."

"ஆங், கடைய வுட்டுட்டு நீ எங்க போவ?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "அவளே தூக்கினு போவட்டும்."

கேட்டது ஒருத்தியிடம். பதில் சொன்னது இரண்டு பேர். அதுவும் எண்ணெய் போட்ட கதவு மாதிரி எவ்வளவு சுலபமாகச் சொன்னார்கள்.

கூடத்தில் மாமனார் படம் தொங்கியது. வாழ்நாள் முழுக்கத் தோளில் ஒரு துண்டோடு பள்ளிப்பட்டு நிலத்தில் உழைத்த மனிதர். அவர் போன பிறகு ஸ்டுடியோவில் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னால், அந்தப் புண்ணியவான் கம்ப்யூட்டரில் ஒரு ஜரிகை அங்கவஸ்திரத்தைப் போர்த்தி மந்திரி மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டான். காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் துக்கத்தை மறந்து அதைத்தான் பார்த்தார்கள். "உசுரோட இருந்தப்ப நாம போடாதத ஸ்டுடியோக்காரனாவது போட்டானே" என்று தாயாரம்மாள் அழுதாள். அதிலிருந்து ஒரு சின்ன பிரதியைத்தான் துர்கா பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை தூறிக்கொண்டிருந்தது. பள்ளிப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் பூ வந்து இறங்கியது. சுஜாதா ஒரு கூடையை மட்டும் துர்காவிடம் கொடுத்தாள்.

"இன்னொண்ணு?"

"அடுத்த பஸ்ஸுல அனுப்பறேன்னாரு தோட்டக்காரரு பெருமாள். வந்தா பாக்கலாம்."

இரண்டாவது கூடை கடைக்குள் சாக்குக்கு அடியில் இருந்தது. பொய் சொல்ல அவளுக்கும் வந்தது. அதுவும் முதல் தடவையிலேயே நன்றாக வந்தது. சொல்லி முடித்ததும் வாய் கசந்தது.

துர்கா தெரு முனை திரும்பியதும், சுஜாதா கூடையைப் பிரித்து ஒரு மாலையைக் கட்டி முடித்தாள். மாமனாருக்காக என்று மனதார நினைத்துத்தான் கட்டினாள். பக்கத்துக் கடை கௌரியம்மாளிடம், "அக்கா, கடைய கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள்.

"மலைக்கா போற? சாவு தீட்டு வருசம் திரும்பலயே."

"மலைக்கு இல்லக்கா. மாடிக்கு."

மாடி ஹாலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒரு நர்ஸ், அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரும் காலேஜ் பிள்ளைகள், ரிட்டயரான ஒரு தபால்காரர். மேசையில் வெள்ளை வேட்டி விரித்து அவரவர் வீட்டுப் படங்களை அடுக்கியிருந்தார்கள். ஒருவர் மசால் வடை வைத்திருந்தார். ஒருவர் வெற்றிலைச் சீவல் வைத்திருந்தார். நடுவில் மாமனார், அங்கவஸ்திரத்தோடு. சுவரில் பெரிய டிவி. அதில் இன்னொரு வீடு.

வாசலில் சுஜாதாவைப் பார்த்ததும் துர்காவின் முகம் வெளுத்தது.

"வாங்க, வாங்க" என்று எழுந்தவர் வகுப்பு நடத்தும் பிரேம்குமார். மெட்ராஸில் போன் கம்பெனியில் வருஷக் கணக்காக ஸ்பானிஷ் பேசிப் பிழைத்தவர். "துர்கா வீடுங்களா? நல்ல வேள, பூ பத்தலன்னு பாத்துகினு இருந்தோம். உக்காருங்க. இங்க ஒரே ஒரு சட்டம்தான். வீடியோ ஓடறப்ப யாரும் தமிழ் பேசக்கூடாது. தப்போ தவறோ, அவங்க பாஷைலயே பேசணும். அப்பதான் வரும்."

"எந்த ஊர் சார் அது, ஸ்பெயினா?" என்று கேட்டாள் சுஜாதா.

"ஸ்பெயின் இல்லீங்க. மெக்சிகோ. மன்சனில்லோன்னு ஒரு துறைமுகம். அங்க சாப்பாட்டுக்கட நடத்தற அம்மா வீடு. துர்காதான் எங்கயோ தேடிப் புடிச்சு ஏற்பாடு பண்ணிக் குடுத்துச்சு."

சுஜாதாவின் கையில் மாலை கனத்தது. ஸ்பானிஷ் என்றால் ஸ்பெயின் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். மன்சனில்லோ. அந்தப் பெயரைக் கடைசியாக அவள் கேட்டது அவள் புருஷன் வாயிலிருந்து. அவள் துர்காவைத் திரும்பிப் பார்த்தாள். துர்கா குனிந்து, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை மறுபடியும் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

சுஜாதா எழுந்து போய் மாமனார் படத்துக்கு மாலையைப் போட்டாள். அப்போதுதான் அவள் கேமராவுக்கு முன்னால் வந்தாள். அதே நொடியில் டிவியில் இருந்த வீடு ஒரு குலுங்கு குலுங்கி, கூரையைக் காட்டி, மறுபடி நேரானது.

"நெட்டு இழுக்குது" என்றார் பிரேம்குமார், தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி.

திரையில் எல்வீரா என்ற பெண்மணி வந்தாள். பருத்த உடம்பு, நரைத்த பின்னல், வாய் நிறையச் சிரிப்பு. அங்கே இரவு ஆரம்பித்திருந்தது. கைகளை வீசி வீசித் தன் வீட்டுப் படையலைக் காட்டினாள். படிப்படியாக அடுக்கிய மேசை, ரொட்டி, பழம், சர்க்கரையில் செய்த மண்டையோடு. படம் அவள் கூடவே ஒவ்வொன்றுக்கும் நகர்ந்து போயிற்று. எங்கே பார்த்தாலும் பந்திப்பூ. சுஜாதாவின் கடையையே அங்கே கொண்டுபோய்க் கொட்டியது போலிருந்தது.

ஒவ்வொருவராக எழுந்து, 'யோ சொய்' என்று தொடங்கித் தங்கள் பெயரைச் சொல்லி, படத்தைக் காட்டி இரண்டு வரி பேசினார்கள். துர்காவின் முறை வந்தது.

"மி பாத்ரே முரியோ" என்றாள். எல்வீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ ஆறுதல் சொல்லி, பக்கத்தில் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினாள். திரையில் மாமனார் தெரிந்தார்.

நம்ம மேசையைத்தான் டிவியில் காட்டுகிறார்கள் என்று சுஜாதா முதலில் நினைத்தாள். அதே முகம், அதே ஜரிகை அங்கவஸ்திரம். ஆனால் இங்கிருந்த படத்தில் இப்போது அவள் போட்ட மாலை இருந்தது. அந்தப் படத்தில் மாலை இல்லை. உதிரிப் பூ தூவியிருந்தது. கண்ணாடி மேல், நெற்றிக்கு நேராக, ஒரு சந்தனப் பொட்டு. சந்தனத்தின் நடுவே குங்குமம்.

சர்க்கரை மண்டையோடு வைக்கிற ஊரில் யாருக்கு அந்தப் பொட்டு வைக்கத் தெரியும்? நம் வீட்டில் பிறந்த கைக்குத்தான் தெரியும்.

அவள் மனசு விறுவிறுவென்று கணக்குப் போட்டது. அந்த அங்கவஸ்திரம் ஸ்டுடியோக்காரன் போர்த்தியது. மாமா போன பிறகு போர்த்தியது. அப்படியானால் அந்தப் படம் பங்குனிக்குப் பிறகு இந்த வீட்டிலிருந்துதான் அங்கே போயிருக்கிறது. அவன் இருக்கிறான். அப்பா செத்தது அவனுக்குத் தெரியும். தாயாரம்மாள் காபி குடிக்கிறாள். துர்கா ஸ்பானிஷ் படிக்கிறாள். தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். இருக்கிறான் என்ற சந்தோஷம் நெஞ்சு வரைக்கும் பொங்கி வந்தது. அதன் பின்னாலேயே வந்த கோபம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. மூன்று வருஷமாகக் கண்ணாடி முன்னால் நின்ற விரலுக்கு யார் பதில் சொல்வது?

எல்வீரா இப்போது சுஜாதாவைப் பார்த்துவிட்டாள். புதிதாக ஒரு முகம் தெரிந்தால் விசாரிப்பது அவள் வழக்கம்.

"கியென் எஸ் எய்யா?" என்றாள். யார் அவங்க?

வகுப்பு துர்காவைப் பார்த்தது. துர்கா ஒரு கணம் சுஜாதாவைப் பார்த்தாள். அவள் உதட்டில் 'கு' என்ற எழுத்து வந்து நின்றதைச் சுஜாதா பார்த்தாள். குன்யாதா. அதைச் சொன்னால் போதும்.

"எஸ் மி எர்மானா" என்றாள் துர்கா.

என் அக்கா.

எல்வீரா சந்தோஷமாகத் தலையாட்டினாள். பிரேம்குமாருக்கும் மற்றவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. வீட்டில் தமிழில் ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கண் முன்னால், அவள் பூ கட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட பாஷையிலேயே அவளை இல்லாமல் செய்தாள் இந்தப் பெண்.

சுஜாதா எழுந்து கேமராவுக்கு முன்னால் வந்தாள்.

"அண்ணி, வேணாம்" என்றாள் துர்கா, மூச்சுக்கு அடியில்.

"எர்மானா இல்ல" என்றாள் சுஜாதா. பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "யோ சொய் லா எஸ்போசா." நான் பெண்டாட்டி. "அருண்பாண்டியன். எஸ்போசா."

பிரேம்குமார் கை தட்டப் போனார். முதல் நாளே முழு வாக்கியம் பேசுகிற மாணவியை அவர் பார்த்ததில்லை. எல்வீராவின் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

எல்வீராவின் சிரிப்பு போயிருந்தது.

"லா எஸ்போசா?" என்றாள். "பெரோ... லா எஸ்போசா முரியோ."

யாரும் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இல்லை. முரியோ என்ற சொல்லை இந்த வாரம் முழுக்க வெங்காயம் நறுக்கும் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டவள் சுஜாதா.

எல்வீரா நம்பமாட்டாதவளாகப் படையல் பக்கம் திரும்பினாள். மாமனார் படத்துக்குப் பின்னால், வேண்டுமென்றே குவித்து வைத்தது போல் ஒரு குவியல் பந்திப்பூ இருந்தது. அதை இரண்டு கையாலும் அள்ளி ஒதுக்கினாள்.

பின்னாலிருந்து ஒரு சின்னப் படம் எட்டிப் பார்த்தது. பச்சைப் பட்டு, கழுத்தில் கல்யாண மாலை, வெட்கம் பாதி சிரிப்பு பாதி. பர்ஸில் வைப்பதற்காகச் சுஜாதா தானே கத்தரித்துக் கொடுத்த படம். கத்தரி வழுக்கி ஒரு மூலை கோணலாகப் போயிருந்தது. "பரவால்ல, கோணலா இருந்தாதான் நீ" என்று சிரித்துக்கொண்டே பர்ஸில் சொருகிக்கொண்டான் அன்று.

அந்த நெற்றியிலும் சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவே குங்குமம்.

சுஜாதாவுக்கு யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. துர்கா அழ ஆரம்பித்திருந்தாள். "அண்ணனத் தேடத்தான் இந்த பாஷையே படிச்சேன். நைனா செத்தத சொல்லத்தான் அண்ணி தேடிப் புடிச்சேன். அண்ணன் அந்தம்மா வீட்லதான் குடியிருக்குது. உங்கள இப்டி சொல்லி வெச்சிருக்குதுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். அம்மாதான் உங்ககிட்ட சொல்லாதன்னு..."

சுஜாதா அவள் பக்கம் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்வீராவின் இரண்டு கையிலும் பூ இருந்தது. ஆனால் படம் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. எல்வீரா ஏதோ கேட்டாள். கேட்டபோது அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, அதைப் பிடித்திருந்தவரின் முகத்தைப் பார்த்தாள்.

சுஜாதாவுக்கு எல்லாம் விளங்கியது. நெட் இழுத்ததும் விளங்கியது.

அவள் நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். தூறலில் நனைந்திருந்த குங்குமம் கையோடு வந்தது.

"போன அப்டியே திருப்புங்க. செத்தவ கேக்கறேன். உங்க மூஞ்சிய ஒரு வாட்டி காட்டுங்க."

பிரேம்குமார் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார். "அங்க யாருக்கும் தமிழ் தெரியாதுங்களே" என்றார்.

திரையில் படம் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.